"ஓய்வு பெற்றார்" என்ற சொல்

நீதிமன்றத்தில் அப்பாவுக்காக நடக்கவிருந்த நினைவுக் கூட்டத்துக்கான உரை முன்கூட்டியே ரேனாவுக்கு வந்தது. "நீதிபதி வெர்லின் டாகெட் இருபத்திரண்டு ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வு பெற்றார்" என்று அதில் ஒரு வரி. அதற்குமேல் அவள் படிக்கவில்லை. அப்பா ஓய்வு பெறவில்லை. அவரைத் துரத்தினார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அப்பாவோடு ஒரே அமர்வில் இருந்தவர் ஜாய்ஸ் கெம்ப். இப்போது அங்கே தலைமை நீதிபதி. ரேனா அவரை அழைத்தாள்.

"இதை யார் எழுதினது?"

"கர்டிஸ் ஹேலி. வக்கீல் சங்கத்துக்கு இந்த வருஷம் அவர்தான் தலைவர். வழக்கப்படி அவர்தானே பேசணும்?"

"கொன்னவனே வந்து ஒப்பாரி வைக்கிறானா?"

"மெதுவா, ரேனா."

"அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லுங்க."

"அது மரியாதைக்குச் சொல்றதும்மா. செத்தவரைப் பத்தி, தோத்தாருன்னா பேசுவாங்க?"

"பேசட்டும். அதானே நடந்தது?"

குடும்பத்தாருக்கும் பேச இரண்டு நிமிஷம் உண்டு என்று மட்டும் சொல்லி ஜாய்ஸ் போனை வைத்துவிட்டார்.

வெர்லின் டாகெட், அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் தெற்கே தானியக் கிடங்கு வைத்திருந்தவரின் மகன். சோயா வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் வக்கீல் பலகை மாட்டினார். அங்கே நீதிபதிகளும் ஓட்டில்தான் வருவார்கள். கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிபதி பதவிக்கு நின்றபோது சர்ச்சுகளின் மீன் வறுவல் விருந்துகளுக்கெல்லாம் போனார். ஓட்டுக் கேட்கத்தான் தெரியவில்லை.

"ஜெயிச்சா என்ன செய்வீங்க, டாகெட்?"

"வழக்கைப் படிப்பேன்."

"அப்புறம்?"

"புரியலேன்னா மறுபடியும் படிப்பேன்."

"தீர்ப்பு எப்பய்யா சொல்லுவீரு, நாங்க செத்த பிறகா?"

சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நின்றபோதும் அப்படித்தான். அங்கே சாட்சி இல்லை, அழுகை இல்லை. கீழ்க்கோர்ட்டில் எழுதிய பதிவு மட்டும்தான். பதிவில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது அந்த வேலையின் விதி. சாப்பாட்டு மேசையிலும் அவர் அதையே சொல்வார். "பதிவுல இருக்கா, ரேனா?" பள்ளிச் சண்டைகள் பாதி அதோடு முடிந்தன.

அங்கே பத்து வருஷம் முடிந்ததும் ஓட்டுச்சீட்டில் ஒரே கேள்வி வரும்: இவர் நீடிக்கலாமா? எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. ஆம் அல்லது இல்லை. நூற்றுக்கு அறுபது பேர் ஆம் என்றால்தான் நாற்காலி.

அதற்கு முந்தின வருஷம் அவர் எழுதிய தீர்ப்புகளில் இரண்டு. ஒன்று, நுரையீரல் கெட்டுப்போன நிலக்கரித் தொழிலாளிகளுக்குச் சுரங்கக் கம்பெனி இழப்பீடு தந்தாக வேண்டும். மற்றது, ஒரு பையனைக் கொன்றவனிடம், வக்கீல் வேண்டும் என்று அவன் கேட்ட பிறகும் போலீஸ் வாக்குமூலம் வாங்கியது செல்லாது, மறுவிசாரணை வேண்டும்.

கம்பெனியின் வக்கீல் ஹேலி. கம்பெனிக்கு வலித்தது முதல் தீர்ப்பு. தேர்தலுக்கு முன் கம்பெனி தரப்பு வீடு வீடாக அனுப்பிய துண்டறிக்கையில் இருந்தது இரண்டாவது. கொலைகாரன் படம், அப்பா படம், கீழே "இவனை வெளியே விட்டவர்." அவன் ஒரு நாள்கூட வெளியே வரவில்லை.

"அவன் வெளியே வரலைன்னு ஒரு வரி மட்டும் சொல்லுங்கப்பா," என்றாள் ரேனா.

"வழக்கு நடக்குது. நான் வாயைத் திறந்தா ஜூரி காதுல விழும்."

"உங்க பேரு நாறுது."

"நாறட்டும். அந்தப் பையனோட அம்மாவுக்கு யாரும் உடைக்க முடியாத ஒரு தீர்ப்பு வேணும்."

நவம்பரில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு பேர் ஆம் என்றார்கள். அவருக்கு வேலை போயிற்று. ஜனவரியில் ஜூரி அவனை மறுபடியும் குற்றவாளி என்றது. அதற்குத் துண்டறிக்கை வரவில்லை. ஏப்ரலில் அப்பா சமையலறையில் விழுந்தார். இதயம் என்றார் டாக்டர்.

ரேனாவுக்குப் பாலங்களைச் சோதிக்கும் வேலை. விழுந்த பாலத்துக்கு வயதாகிவிட்டது என்று அவள் அறிக்கை எழுதுவதில்லை. விரிசல் எங்கே, பாரம் எவ்வளவு, ஏற்றியது யார் என்று எழுதுவாள். தேர்தல்தான் அப்பாவைக் கொன்றது என்று அவளால் நிரூபிக்க முடியாது. அதனால் அதை அவள் சொல்லப் போவதில்லை. தேர்தலில் நடந்ததை நிரூபிக்க முடியும்.

கூட்டத்தன்று தலைமை நாற்காலியில் ஜாய்ஸ். ஹேலி நன்றாகத்தான் பேசினான். குரல்கூட ஒரு இடத்தில் தழுதழுத்தது. ஓய்வு பெற்றார் என்றும் சொன்னான்.

ரேனா எழுந்து, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்த சுருக்கெழுத்துக்காரரைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கப்பா ஓய்வு பெறலை. நூத்துக்கு ஐம்பத்தெட்டு பேர் வேணும்னாங்க, அறுபது வேணும்னு சட்டம். அவர் கொலைகாரனை விட்டுட்டார்னு துண்டறிக்கை போட்டாங்க. அவன் ஜெயிலைவிட்டு வரவே இல்லை. அதைத் தயாரிச்சவர் இப்பதான் பேசி முடிச்சார்."

அரங்கில் யாரோ இருமினார்கள். ஹேலி எழுந்தான்.

"இதைப் பதிவிலிருந்து நீக்கணும், கனம் நீதிபதி அவர்களே."

அடுத்த நவம்பரில் ஜாய்ஸுக்கும் அதே கேள்வி வருகிறது. ஆமா, இல்லையா. அரங்கில் எல்லாருக்கும் அது தெரியும். ஹேலிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஜாய்ஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதுல எது பொய், மிஸ்டர் ஹேலி?"

"பொய்ன்னு சொல்லலை. இடம் இது இல்லைங்கறேன்."

"பொய் இல்லேன்னா இருக்கட்டும். நீங்க சொன்னதும் இருக்கட்டும்."

ரேனாவுக்கு அது போதவில்லை. உண்மையும் பூச்சும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தில். அப்பாவாக இருந்தால் சரி என்றிருப்பார், இரண்டு தரப்பும் இருக்கிறதே என்று. அதை நினைக்க அவர்மீதே கோபம் வந்தது.

வாசலில் ஹேலி கையை நீட்டினான்.

"உங்கப்பா இருந்தா இந்தக் கையைப் பிடிச்சிருப்பாரு, ரேனா."

"பிடிச்சிருப்பாரு. அவர் நீதிபதி. நான் அவர் மகள்."

நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அவள் அதைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள்.