முடிஞ்சதும் கூப்பிடுறேன்

இன்னொரு தடவை யாராவது இந்தக் கதவைத் தட்டினால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

அக்கா மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் கூடப்பிறந்தவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பயந்தும் பார்த்ததில்லை, அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருஷம் அது. அக்கா மனநல ஆலோசகர். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களோடு வீடியோவில் பேசுவாள். படுக்கையறை மூலைதான் அலுவலகம், துணி தேய்க்கும் பலகைதான் மேஜை. கதவில் ‘உள்ளே வராதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். அதை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் தட்டுவார்கள்.

“அம்மா, என் சார்ஜரப் பாத்தியா?”

“பால் பொங்கிடுச்சு. எந்தத் துணியால துடைக்கணும்?” இது கணவர்.

எல்லோருக்கும் எல்லை போடச் சொல்லிக் கொடுப்பவளால் ஒற்றைக் கதவைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த எரிச்சல் நாள் முழுக்க நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும்.

அவளிடம் ஒரு டீச்சர் புதன்தோறும் பேசுவாள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அக்கா முதல் நாளே கேட்டாள்.

“நானும் அவரும்.”

அந்த ‘அவர்’தான் தொல்லை. டீச்சர் வாயைத் திறந்தால் போதும், பின்னாலிருந்து இருமல் வரும். காய்ந்த, ரெட்டை இருமல். பேச்சு அப்படியே நின்றுவிடும். ஆள் தெரியாது, ஒரு நாற்காலியின் கை மட்டும் திரையோரம் தெரியும். பேசுவதை இன்னொருவர் கேட்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் விதி. எடுத்துச் சொன்னால், “அவர் இருந்தா பரவாயில்ல மேடம்” என்பாள். மூன்று வாரம் இப்படியே வீணாய்ப் போனது.

நாலாவது வாரம், மகளை விரட்டிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள் அக்கா. மறுபடி இருமல். பொறுமை போய்விட்டது.

“சார், தயவுசெஞ்சு கொஞ்சம் வெளியே இருங்க. முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன்.”

நாற்காலி முனகியது. செருப்பு தரையில் இழுபட்டது. கதவு திறந்து... மெல்லச் சாத்திக்கொண்டது.

அந்த வருஷம் முழுக்க அக்கா சொன்ன பேச்சை உடனே கேட்டது அந்த ஒருவர்தான்.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“மேடம்... உங்களுக்கும் கேக்குதா?”

இணைப்பு அறுந்தது. எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. அவசரத்துக்கென்று அவள் கொடுத்திருந்த எண் அவளுடைய அண்ணனுடையது. அக்கா அவரைக் கூப்பிட்டாள்.

“தலைவலி, படுக்கப்போறேன்னு இப்பதாம்மா மெசேஜ் போட்டா.”

“வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?”



“மாப்பிள்ளை தவறிப்போய் ரெண்டு மாசமாச்சும்மா. இருமல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு. முகத்தைக்கூடக் காட்டல. அவ தனியாத்தான் இருக்கா.”

அடுத்த புதன், மாலை நாலு மணி. ஜன்னலில் நல்ல வெயில். கணவரும் மகளும் தடுப்பூசி போடப் போயிருந்தார்கள். வாசல் கதவைப் பூட்டியது அக்காவேதான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

டீச்சர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அவர் இன்னும் வரல மேடம்.”

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

“நானே கூப்பிடுறேன்னு சொன்னீங்கல்ல? நீங்க கூப்பிடாம வர மாட்டாரு. ஒரு தடவை பஸ் ஸ்டாப்புல நிக்கச் சொல்லிட்டு மறந்தே போயிட்டேன். கொட்டுற மழையில அசையாம நின்னாரு மனுஷன். இப்போ எங்க நிக்கிறாரோ...”

டொக். டொக்.

தட்டியது டீச்சர் வீட்டுக் கதவை இல்லை.

அக்காவின் அறைக் கதவை.

பிறகு... இருமல். காய்ந்த, ரெட்டை இருமல்.

டீச்சரின் முகம் மலர்ந்தது.

“அவர்தான்! அங்கதான் நிக்கிறாரு! உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். ஒரு வாரமா நின்னா கால் வலிக்காதா?”

அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கத்தான் அக்கா இத்தனை வாரம் பாடுபட்டாள். ஒரே வார்த்தையில் கொடுத்துவிடலாம். ஆனால் திறக்கப்போவது தன் கதவு.

கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

பாதியில் நின்றது.

காத்திருந்தது...

அக்கா திரைக்கு அருகே குனிந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி, குரலைத் தாழ்த்தினாள்.

“மாட்டேம்மா.”