ரேடியோ இல்லாத தெரு

சிறுமலையில் பாறை வழுக்கி நண்பர் ஒருவர் காலை முறித்துக்கொண்டபோது, அவரை வேட்டியில் கட்டித் தூக்கி இறக்க எங்களுக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. கீழே ஊரில் கார் இருந்தது, மருத்துவர் இருந்தார். அவர்களுக்குத் தகவல் சொல்லத்தான் வழியில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த வாரமே ஹாம் ரேடியோ உரிமம் வாங்குவதென்று முடிவு செய்தேன். பேசவும் கேட்கவும் கூடிய கருவி ஒன்றை நானே செய்து, ஞாயிறுதோறும் மலையேறும் எங்கள் கூட்டத்தோடு கொண்டுபோக வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். பிறர் மனுவில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன். என் மனுவில் எவன் குறை காண்பான் என்ற திமிர் இருந்தது. துறைத் தலைவரின் தடையின்மைச் சான்று, நன்னடத்தைச் சான்று, புகைப்படங்கள், எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள். சென்னைக்குப் போய்ப் பரீட்சையும் எழுதினேன். மோர்ஸ் என்ற தந்திக் குறிகளைக் கேட்டு எழுத வேண்டும், தட்டி அனுப்பவும் வேண்டும். ஆறு மாதம் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டிப் பழகியதில் என் மனைவிக்கே பாதி எழுத்துகள் பாடமாகிவிட்டன. தேறினேன். பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை மட்டும்.

சில மாதங்கள் கழித்து டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. உள்ளூர் விசாரணையில் விண்ணப்பதாரருக்கு வானொலியில் ஈடுபாடு எதுவும் இல்லை எனத் தெரியவருவதால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது.

விசாரித்தேன். ஏட்டு ஒருவர் பரவையில் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். நான் அலுவலகத்தில் இருந்த நேரம், மனைவியும் வெளியே போயிருந்தாள். எதிர்வீட்டு மதினியிடம், "அவரு ரேடியோவெல்லாம் வச்சிருக்காரா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கே தபாலாபீசில் வருடந்தோறும் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மதினி மூன்று வருடமாகப் புதுப்பிக்கவில்லை. சோதனைக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்.

"என்ன சொன்னீக மதினி?"

"ரேடியோவா, அந்தச் சத்தமே அவருக்கு ஆகாதுன்னேன். பேப்பரைப் படிச்சுட்டுப் படுத்துருவாருன்னேன். எங்க தெருவுலயே ரேடியோ கெடையாதுய்யான்னு சொன்னேன். எங்க வீட்டுப் பெட்டி மேல போர்வையப் போத்திட்டுத்தான் வாசலுக்கே வந்தேன்."

"இப்ப உண்மையச் சொல்லி ஒரு கையெழுத்துப் போடணும்."

"நல்லா இருக்கே. ஒங்களக் காட்டிக் குடுக்காம இருந்ததுக்கு என்னைய உள்ள போகச் சொல்றீகளா?"

அவரை வற்புறுத்தவில்லை. காவல் நிலையத்துக்குப் போனேன். ஏட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். செய்த உதவிக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலும்.

"ஒங்க மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டேன் சார்."

"ஏட்டையா, குத்தமில்லாதவன்னு உங்ககிட்ட சர்டிபிகேட் கேட்டேனா? ரேடியோக்காரன்னு எழுதுங்க."

"எழுதிருவேன். லைசென்ஸ் இல்லாம எப்படி ரேடியோ வச்சிருந்தான்னு மேல கேட்டா?"

நியாயமான கேள்வி. என் முப்பது வருடச் சர்வீஸில் இப்படி நூறு கேள்வி நானே கேட்டிருக்கிறேன். விதிப் புத்தகத்தை மேசைமேல் விரித்தேன். விண்ணப்பதாரரை நேரில் பார்க்காமல் கொடுத்த அறிக்கை எப்படிச் செல்லும் என்று கேட்டேன். மறுவிசாரணை கோரும் மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். முத்திரை பூட்டியிருக்கிறது, சாவி அய்யாவிடம் இருக்கிறது, அய்யா ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றார். உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். நான் பொட்டலத்தைப் பிரித்ததும் சாவி கிடைத்துவிட்டது.

"சரி சார், என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். கருவி ஏதும் கைவசம் இல்லை. உரிய பரீட்சையில் தேறியிருக்கிறார். ஈடுபாடு மிகுதி. என்னைப் பற்றிய ரகசிய அறிக்கையை நானே வாசகம் சொல்லி எழுதவைத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

உரிமம் வர மேலும் ஒரு வருடம் ஆயிற்று. வீட்டு முகவரியில் மட்டும் இயக்கலாம் என்றிருந்தது. மலைக்குக் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும்.

"மலையில எவண்ணே வந்து பாக்கப்போறான்? தூக்கிட்டு வாங்க," என்றார் மலையேறும் கூட்டத்தில் ஒருவர்.

பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒளிந்து பேசுவதற்கா இத்தனை நாள் மல்லுக்கு நின்றேன்? அன்று மாலையே தனி அனுமதி கேட்டு எழுதத் தட்டச்சுப்பொறியில் கார்பன் செருகினேன். மூன்று நினைவூட்டல் கடிதங்களுக்குப் பிறகு அந்த அனுமதியும் வந்தது.

அடுத்த ஞாயிறு சிறுமலை உச்சியில் மரத்துக்கு மரம் ஏரியல் கம்பி கட்டி, நானே செய்த கருவியில், உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக் குறியை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டேன். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். மலையிலிருந்து பேசுகிறேன் என்றதும் பதறிப்போனார். ஆபத்தா, யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, எல்லாரும் நலம் என்றேன். அனுமதி வாங்கியிருக்கிறேன், அதனால் பேசுகிறேன் என்றேன்.