பாஸ்போர்ட் உறைக்குள் இருந்த தாள்

என் கணவர் தையல்காரர். காரைக்குடியில் சின்னக் கடை. அவர் தன் சட்டைகளின் தோளைப் பிடித்துத் தைத்து, வயிற்றுப் பக்கத்தை மட்டும் பிரித்துவிட்டதுதான் முதல் அறிகுறி. ஆள் மெலிகிறார், வயிறு மட்டும் ஏறுகிறது. "தொப்பையெல்லாம் போட்டு முதலாளி ஆயிட்டீக" என்று கேலி செய்தேன். அதை இன்று நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் இருந்தது நீர். கல்லீரலில் சிரோசிஸ் (தழும்பேறி இறுகிப்போவது), அதற்குள் புற்றுநோய்க் கட்டி. குடியைத் தொடாத மனிதருக்கு எப்படி என்று டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஹெபடைடிஸ் பி (கல்லீரலில் தங்கும் வைரஸ்) என்றார்.

"வைரஸ்னா காய்ச்சல்தானே வரும்?"

"இது செல்லுக்குள்ள போய், அதோட மரபணுவிலேயே தன் துண்டைச் சேர்த்துடும்மா. உடம்பு அந்த செல்லை அழிக்கும், புதுசு உண்டாக்கும். வருஷக்கணக்கா இப்படியே நடந்தா எங்கேயாவது பிழை விழும். ஒரு செல் பெருகுறதை நிறுத்தாமலே போயிடும்."

"ஒரே எடத்தைப் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சா துணி கிழியத்தானே செய்யும்" என்றார் இவர், யாருக்கோ வந்த நோய் போல.

பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாமாம். முன்பு எப்போதாவது பரிசோதித்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் இவர்.

பொய். ஆதார் நகலைத் தேடியபோது அவருடைய பழைய பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு தாள் இருந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் துபாய் வேலைக்காக எடுத்த மெடிக்கல். அந்த வைரஸின் பெயர், கீழே 'அன்ஃபிட்' என்ற முத்திரை. விசா கிடைக்கவில்லை என்றுதான் அன்று என்னிடம் சொன்னார். பிரிய வேண்டியதில்லை என்று நானும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

"ஏன் மறைச்சீக?"

"வெளிய தெரிஞ்சா கடைக்கு எவன் வருவான்? வேலைக்குத்தான் ஆகாதுன்னு நெனச்சேன் ஜமீலா. உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு."

அப்போதுதான் புரிந்தது. விருந்துகளில் ஒரே சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) உட்கார மாட்டார். தனித் தட்டு கேட்பார். கர்வம் என்று திட்டியிருக்கிறேன். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் பிறப்பிலும்தான் பரவும். அதைக் கேட்டறியக்கூட இவர் ஒரு டாக்டரிடம் போகவில்லை. அன்றே மாத்திரை தொடங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வராமலிருக்க வாய்ப்பிருந்தது. இப்போது அறுவை சிகிச்சைக்கும் வழியில்லை.

வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் ஒரே மகன் அனஸுக்கு இருபத்து மூன்று வயது. அவனும் வளைகுடா போகக் காத்திருந்தான்.

"அவனுக்கு வேணாம். ரிப்போர்ட்ல எழுதிப் போட்டாகன்னா பொழப்பு போயிரும்."

"போகட்டும். எனக்குப் புள்ள வேணும்."

நானே அவனைக் கூட்டிப் போனேன். என் ரத்தத்தில் வைரஸ் வந்துபோன தடம் மட்டும் இருந்தது. என் உடம்பே விரட்டிவிட்டதாம். அனஸுக்கு இருக்கிறது. சின்ன வயதிலேயே ஏதாவது வெட்டுக்காயத்து ரத்தம் வழியாக அவன் அத்தாவிடமிருந்து (அப்பா) வந்திருக்கலாம். கல்லீரல் இன்னும் கெடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், தேவைப்படும்போது மாத்திரை.

எந்தக் காய்ச்சலில் என்னிடம் வந்து போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை. எனக்கே தெரியாமல் என் உடம்பு செய்ததை இந்த இரண்டு பேருக்கும் செய்துகொடுக்க வழியில்லை. அந்த ஆத்திரத்தில் சில நாள் சோறு இறங்குவதில்லை.

இப்போது எங்களுக்கு வருஷக் கணக்கு கிடையாது, அனஸின் ஸ்கேனுக்கு ஸ்கேன் ஆறு மாதக் கணக்குதான். அதுவரைகூட இவருக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் அனஸை நிறுத்தி, டேப்பால் தோளை அளக்கிறார், பிறகு வயிற்றை. அவனும் கையைத் தூக்கி நிற்கிறான். போன வாரம் டேப்பின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்க இவரால் முடியவில்லை. மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.