என் வயிற்றில் இருந்தது அம்மன் அல்ல

பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாடு வாங்க நின்றபோது கணவர் அழைத்தார். "அம்மா போயிட்டாங்க" என்றார். என் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. மேருவில் எங்கள் வீட்டில் என் மாமியார் சிவகாமி அத்தையிடம் குறி கேட்க வந்தவர்களே, அது ஏனென்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அதன்பின் எனக்குத் தீட்டு நின்றுவிட்டது. மறுபடி கர்ப்பமோ என்றால் அதுவும் இல்லை. அத்தைக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அம்மன் உன்னைச் சுத்தமா வச்சுக்கிட்டா. இது எல்லாருக்கும் கிடைக்காது லா" என்று என்னைச் சாமியறையில் உட்கார்த்திவிட்டார். தைப்பூசத்துக்குத் தீட்டு நாள் பார்க்காமல் பத்துமலையில் பால்குடம் எடுத்த மருமகள் நான்தானாம்!

ஆனால் மாதாமாதம் வலி வந்தது. ரத்தம் இல்லை, வலி மட்டும். பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல. நான் முனகினால் சுற்றியிருந்த பெண்கள் "வந்துட்டா, வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாம்பிராணிப் புகைக்குள் அத்தை என் வயிற்றில் காது வைத்துக் கேட்பார். உள்ளே இருப்பது யாரென்று நானே பயந்து, தனியாகக் குளிக்கக்கூடத் தயங்கினேன். பைத்தியக்காரி, டாக்டரிடம் போகத் தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளை வரம் கேட்டுக் கிள்ளானிலிருந்து வந்த ஒருத்தி என் காலில் விழுந்தாள். அந்த நேரம் பார்த்து வலி சுருட்டி இழுத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வயிற்றில் காது வைத்திருந்த அத்தை மட்டும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இங்க அம்மன் இல்ல. இது நோவு." காலில் விழுந்தவளிடம், "நீயும் போய் டாக்டரப் பாரும்மா" என்றார். அத்தை வாழ்நாளெல்லாம் சேர்த்த பேர் அன்றோடு போனது. அதற்குப்பின் யாரும் குறி கேட்க வரவில்லை.

டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். சுரண்டிய இடத்தில் வடு வளர்ந்து கர்ப்பப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வாய் அடைபட்டதால் ரத்தம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கியிருந்தது. நாங்கள் கும்பிட்டது அதைத்தான். ஒட்டியதை வெட்டிப் பிரித்தார்கள். பிள்ளை நிச்சயமில்லை என்றார்கள், இன்றுவரை இல்லை.

மறுபடி தீட்டு வந்த காலையில், வழக்கப்படி சாமியறைக்கு வெளியே ஒதுங்கி நின்றேன். அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வா, விளக்கேத்து."

"அத்தை, தீட்டு..."

"தெரியும். இத்தன மாசமா உன் வலியத்தான் கும்பிட்டேம்மா" என்று உடைந்து அழுதார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'வா, விளக்கேத்து' என்ற அந்த அழைப்பைத்தான். நேற்று அவர் தலைமாட்டில் விளக்கேற்றியபோதும் எனக்குத் தீட்டுதான். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.