வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு மேல்

மாநிலங்களவையில் தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல்தான் நேரம். அரசு கொண்டுவரும் மசோதாக்களுக்கு வாரத்தின் மற்ற நேரமெல்லாம் இருக்கிறது. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தானே எழுதிக் கொண்டுவருவதற்கு இந்த மிச்சம் மட்டும். அதிலும் ஒரு வெள்ளி மசோதா என்றால் அடுத்த வெள்ளி தீர்மானம். அந்த நேரத்தில் கீழே பலர் ஊருக்கு விமானம் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள். மேலே செய்தியாளர் மாடத்தில் நானும் இன்னும் இரண்டொருவரும் இருப்போம். அந்த அவையைப் பற்றி நாளிதழுக்குப் பல ஆண்டுகள் எழுதினேன். அந்தக் காலம் முழுவதிலும் ஒரு தனிநபர் மசோதாகூடச் சட்டமானதில்லை.

ஓய்வுபெற்று மரக்காணத்துக்கு வந்த பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன். வந்த அடுத்த கோடையில் ஓர் உப்பளத் தொழிலாளி என் வாசலில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய பெண். வலது கண்ணின் ஓரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருந்தது. உப்பின் வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்காக நிற்பவர்களுக்கு இங்கே வருவதுதான். தொழிற்சங்கத்தில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: கண் கெட்டுப்போன உப்பளத் தொழிலாளிக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க டெல்லியில் ஒரு சட்டம் வரப்போகிறது.

“நீங்க அந்த சபையிலதான இருந்தீங்க சார்?”

“சபையில இல்லம்மா. மேல உக்காந்து எழுதுற வேலை.”

“அப்போ எல்லாம் தெரிஞ்சிருக்கும்.”

மசோதா அவையின் இணையதளத்தில் இருந்தது. வட மாநில உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு பிரிவில் யாருக்கு உதவி என்று எழுதியிருந்தது: சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் உப்பளப் பணியில் இருப்பவர்களுக்கு.

“அன்னிக்கு வேலையில இல்லன்னா?”

“கிடைக்காது.”

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குள் என்ன இருக்கிறது என்பது சில நாள் கழித்து அவர் மகள் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பெண். கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

“ஒரு வாட்டி ஆபரேஷன் பண்ணி சதைய எடுத்தாச்சு சார். திரும்ப வளந்துடுச்சு. இனிமே பாத்தியில எறங்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டாரு. இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுச்சு. இப்போ என்னடான்னா, சட்டம் வர்ற அன்னிக்கு வேலையில இருக்கணும்னு சார் சொன்னாருங்குது.”

“மசோதாவுல அப்படித்தான் இருக்குது.”

“வருமா அது?”

“வராது.”

“அத அதுங்கிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். ஒருமுறை அல்ல. அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “லிஸ்ட்டுல இருக்குதா?” ஒவ்வொரு நாளும் அவை என்ன செய்யப்போகிறது என்று அலுவல் பட்டியல் வெளியாகும். அதில் இருந்தது, மசோதாக்களில் இரண்டாவதாக. பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உப்பளத்தில் பட்டியல் என்றால் வேறு பொருள். இன்றைக்கு எந்தப் பாத்தியில் உப்பு வாருவது, யார் யார் என்று மேஸ்திரி காலையில் சொன்னால் வெயில் ஏறுவதற்குள் அது நடந்திருக்கும். சொல்லிவிட்டு நடக்காத பட்டியலை அவர் பார்த்ததில்லை.

மழைக்காலக் கூட்டத்தொடர் என்று பெயர். இங்கே அது நல்ல வெயில் மாதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லோருக்கும் பாய். அவர் கடை டிவியில் அந்த வெள்ளிக்கிழமை அவை ஓடியது. உப்பளத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். உறுப்பினர்கள் அவைத்தலைவரின் மேடைக்கு முன்னால் முழக்கமிட்டார்கள். ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் கூடியது, மீண்டும் முழக்கம். நாள் முழுவதற்குமாக ஒத்திவைத்துவிட்டார்கள்.

“மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன் எழுந்து போறாங்க?” என்றார் ஒரு பெண்.

“அவங்களுக்கு மழ எப்போ வேணா வரும்மா,” என்றார் பாய்.

அடுத்த மசோதா வெள்ளியில் முதல் மசோதாவை எடுத்தார்கள். முதியோர் இல்லங்களைப் பற்றியது. ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். ஐந்து மணிக்கு அவை கலைந்தபோது ஓர் உறுப்பினர் பாதிப் பேச்சில் நின்றார். பாதியில் நிற்கும் விவாதம்தான் அடுத்த முறை முதலில் வரும், அது முடியும்வரை இரண்டாவது தொடங்காது என்று விளக்கினேன்.

அந்த அம்மா யோசித்துவிட்டுக் கேட்டார்: “எங்க வாய்க்கால்ல தண்ணிமுறை உண்டு சார். மொத ஆளு ரொப்பிட்டு மடைய அடைக்காம நின்னான்னா, ரெண்டாவது ஆளு போயி அடைச்சிட்டு தன் பக்கம் திருப்பிக்கலாம். யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. அங்க அது ஆவாதா?”

“ஆகாது. பேசுறவர் தானா உக்காரணும்.”

“ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, அதுலயும் உக்கார மாட்டாங்க. ரேஷன் கடை மண்ணெண்ணெயே தேவலாம்.”

சிரித்தார். மறுநாள் விடியலில் வேலைக்குப் போனார்.

குளிர்காலக் கூட்டத்தொடரின்போது உப்பளங்கள் தண்ணீரில் கிடந்தன. அந்த மாதங்களில் வெளிச்சம் குறைவு, கண்ணுக்கு ஓய்வு. மகள் நிம்மதியாக இருந்தாள். அவையில் அரசு மசோதா ஒன்றுக்கு நேரம் போதாமல் வெள்ளிக்கிழமை பிற்பகலையும் அதற்கே எடுத்துக்கொண்டார்கள். தை பிறந்ததும் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலைக்கு அவர் மீண்டும் இறங்கினார். இதற்குள் இடது கண்ணிலும் சதை தொடங்கியிருந்தது. வரப்பின் விளிம்பு சரியாகத் தெரியாததால் உப்பு வாரும் பலகையை அவர் கையில் கொடுப்பதில்லை. கூடை சுமந்தார். முன்னால் போகும் பெண் ஏதாவது பேசிக்கொண்டே நடப்பாள்; அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இவர் பின்னால் போவார். மேஸ்திரிக்குத் தெரியும். கண்டுகொள்ளவில்லை.

பட்ஜெட் கூட்டத்தொடரின் ஒரு வெள்ளிக்கிழமை, முதியோர் இல்ல மசோதாவுக்கு அமைச்சர் பதில் சொன்னார். அதைக் கொண்டுவந்தவர் நன்றி கூறித் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது வழக்கம்தான். அடுத்து உப்பு. வட மாநில உறுப்பினர் எழுந்தார். அவர் பேசியது இந்தி. அந்த அம்மா டிவிக்கு மிக அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன சொல்றாரு சார்?”

“கண்ணப் பத்தி பேசறாரு.”

“நம்ம கண்ணா?”

“ஆமா.”

கொஞ்ச நேரத்தில் யாரோ எழுந்து கோரம் இல்லை என்றார். மணி அடிக்கத் தொடங்கியது. அது டிவியிலும் கேட்டது.

“என்ன மணி அது?”

“ஆள் கூப்பிடற மணி. மொத்தத்துல பத்துல ஒரு பங்காவது உள்ள இருக்கணும்.”

“வருவாங்களா?”

வரவில்லை. அவை ஒத்திவைக்கப்பட்டது. “எங்க மேஸ்திரியா இருந்தா அத்தன பேருக்கும் கூலிய புடிச்சிருப்பான்,” என்று பின்னால் ஒரு பெண் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவர் முகம் தெளிவாக இருந்தது.

“பாதியில நிக்குது இல்ல? அப்போ அடுத்த வாட்டி இவருதான் மொதல்ல.”

விதியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். நான்தான் சொல்லிக்கொடுத்தது.

“அடுத்த வாட்டி வர்றதுக்குள்ள அவரு பதவிக்காலம் முடிஞ்சிடும்மா.”

“திரும்ப வர மாட்டாரா?”

“கட்சி சீட் குடுக்கல.”

“அவரு போனா என்ன? லிஸ்ட்டு இருக்குதே.”

“தனிநபர் மசோதா அவரோட போயிடும். ஆளு இல்லன்னா அதுவும் இல்ல.”

அவர் நம்பவில்லை. அவை குறித்த நாளுக்கு முன்பே முடித்துக்கொண்டது. அந்த உறுப்பினர் ஓய்வுபெற்ற பிறகு நான் இணையதளத்தில் தேடினேன். நிலுவையில் உள்ள மசோதாக்களில் அது இல்லை. அதைச் சொல்வதற்கு அந்த அம்மாவின் வீட்டுக்கே போனேன். மகள் இருந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை.

“தள்ளி வச்சிட்டாங்களா சார்?” என்றார் அந்த அம்மா.

“இல்லம்மா. லிஸ்ட்டுலேர்ந்தே எடுத்துட்டாங்க.”

“இப்பவாவது நில்லும்மா,” என்றாள் மகள். “இன்னும் எதுக்கு?”

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபடி, “அதே சட்டத்த வேற யாராவது எடுத்துப் போட முடியுமா?” என்று கேட்டார்.

எந்த உறுப்பினரும் அதே வாசகத்தை அப்படியே எடுத்துப் புதிதாக அறிமுகப்படுத்தலாம். விதி தடுக்கவில்லை. மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடியும்,” என்றேன். “யாரும் செய்ய மாட்டாங்க.”

இரண்டாவது வாக்கியத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மகள் எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை.

அந்தப் பருவம் முழுக்க அவர் வேலைக்குப் போனார். மழை வந்த பிறகுதான் நின்றார். அடுத்த பருவத்துக்கும் மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதன்பின் வந்த அலுவல் பட்டியல்கள் எதிலும் உப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சாலையில் எதிரே வரும்போது நான் வாய் திறக்காவிட்டால் கடந்து போய்விடுகிறார். பேசினால் நிற்கிறார்.

“சார்தான? லிஸ்ட்டு பாத்தீங்களா?”