எங்கள் பள்ளியின் முதல் இலக்கு

இருபத்தாறு வயதில் நான் ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போனேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் இருந்தது அந்த ஊர். தலைமையாசிரியை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு போட்ட ஒரே நீளக் கூடம், ஒன்றிலிருந்து ஐந்து வரை வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். இன்னொருவர் அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்த உதவி ஆசிரியர். என்னைவிட வயதில் மிகவும் மூத்தவர். பயிற்சித் தகுதியில் நான் ஒரு படி மேலே இருந்ததால் நாற்காலி எனக்கு வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

நான் நாசரேத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். பள்ளிக்கூடம் என்றால் நிழலும் மணியும் வரிசையும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத அந்தக் கூடம் பழக நாளாயிற்று. மதியத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினால் உப்புப் பாத்திகளின் வெளிச்சம் கண்ணைக் குத்தும். பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பாடம் படிப்பார்கள். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் தூரத்துச் சாலையில் உறுமும்போது சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அவை போனபின் தொடர்வோம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், பள்ளி ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியும் அந்த ஆண்டுக்கான முன்னேற்ற இலக்குகளை எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை நகரத்தில் கூட்டம் போட்டு, எந்தப் பள்ளி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பெரிய அட்டை ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து எழுதினேன். தினமும் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேராவது பள்ளிக்கு வந்திருக்க வேண்டும் என்பது முதல் இலக்கு. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை செய்தித்தாளில் ஒரு பத்தியைத் திக்காமல் படிக்க வேண்டும் என்பது அடுத்தது. குடிதண்ணீர்ப் பானை, நகம் வெட்டுவது, மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம் என்று மற்றவை.

உதவி ஆசிரியர் அட்டையை நின்று படித்தார்.

"எழுத்து நல்லாருக்கு டீச்சர். முதல் வரிய மட்டும் எடுத்துருங்க."

"ஏன் சார்? அதுதான முக்கியம்."

"இது உப்பு வாருத காலம். மழை விழுந்து அளத்த மூடுத வரைக்கும் பெரிய பிள்ளைக பாதி அங்கனதான் கெடக்கும். நீங்க எழுதி மாட்டுனா வந்துருமா?"

"வர வைக்கத்தான சார் எழுதுதோம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தம் வகுப்புப் பக்கம் போனார். நான் அட்டையை மாட்டினேன்.

முதல் இரண்டு வாரங்கள் உண்மையாகவே உழைத்தோம். பள்ளி விட்டதும் இருவரும் வீடு வீடாகப் போனோம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு நாள் பத்துப் பேரைச் சேர்த்தால் மறுநாள் எட்டுப் பேர் போய்விட்டார்கள். மூன்றாவது வாரம் நாங்கள் போகவில்லை. எனக்குக் காய்ச்சல், அவருக்குக் குடும்பத்தில் ஒரு கல்யாணம். அதற்குப் பிறகும் போகவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கூட்டத்துக்காகக் கணக்கெடுத்தபோது, எங்கள் வருகை பத்துக்கு ஆறுகூட வரவில்லை. அன்று மாலை அவர் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். அதற்கு முன் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"டீச்சர், இந்தக் கணக்கோட போனீங்கன்னா, இந்தக் கொஞ்சப் பிள்ளைக்கு ரெண்டு வாத்தியார் எதுக்குன்னு கேப்பாங்க. ஒரு போஸ்ட்ட எடுத்துருவாவ. போறது நாந்தான். என் வீடு இங்கன இருக்கு. மூணு பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்கேன்."

"அதுக்கு என்ன சார் பண்ண?"

"வராத பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டுருங்க. எல்லா ஸ்கூல்லயும் நடக்கதுதான். நாளைக்கு வரப்போற பிள்ளைக்கு இன்னைக்கே போடுதோம்னு நெனச்சுக்கோங்க."

காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு. வராவிட்டால் சிவப்பு மையில் ஒரு சுழி. அதுதான் பதிவேடு. அவர் மேல் பழி போட்டு இதை எழுதினால் சுலபம். ஆனால் அன்று அவருடைய பிள்ளைகளுக்காக மட்டும் நான் அந்தக் கோடுகளைப் போடவில்லை. என் கையால் எழுதி மாட்டிய அட்டை பொய்யாகக் கூடாது என்று இருந்தது. புது மாதத்துக்கு ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, பெயர் கூப்பிடாமலேயே எல்லோருக்கும் கோடு போடத் தொடங்கினேன். பழைய பக்கங்களை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்.

கூட்டத்தில் ஆய்வாளர் எங்கள் பள்ளியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். உப்பளத்து ஊரில் இது எப்படி முடிந்தது என்று சொல்லச் சொன்னார். எழுந்து நின்று, "வீடு வீடாகப் போனோம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். காது சூடாகியது. அது வெட்கம் மட்டுமில்லை. சந்தோஷமும் இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள். பட்டாணிக்கடலை சுற்றி வந்த காகிதத்தைக்கூட விரித்து வைத்து வாசிப்பாள். அந்தப் பருவத்தில் வாரம் இரண்டு நாள் வந்தால் அதிகம். மற்ற நாட்களில் அம்மாவுடன் அளத்துக்குப் போய்விடுவாள். வரும் நாட்களில் உள்ளங்கால் வெடிப்பில் உப்பு எரியும்போல, காலை மாற்றி மாற்றி வைத்து நிற்பாள். புதுப் பக்கம் திறந்தபின் அவள் பெயருக்கு நேரே நான் சிவப்புச் சுழி போட்டதே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். உப்பு லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பள்ளியைத் தாண்டிப் போயிற்று. மேலே உப்பின் மீது ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் யாரையோ வைத்துக்கொண்டு. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். உதவி ஆசிரியர் சாலைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"நம்ம அஞ்சாங் கிளாஸ் பிள்ளைதான் டீச்சர். உப்பு அம்பாரத்த அடியில வெட்டி அள்ளிக்கிட்டு இருந்திருக்காவ. மேல கட்டியா நின்னது அப்படியே சரிஞ்சிட்டாம். காலு மாட்டிக்கிட்டு."

மேசையில் பதிவேடு திறந்திருந்தது. அன்றைய காலைக்கோடு அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே விழுந்திருந்தது. மணி அடிக்கும் முன்பே நான் பட்டியல் முழுவதும் போட்டு முடித்திருந்தேன்.

மாலையில் பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பாதம் பழையபடி நேராக வராது என்று டாக்டர் சொன்னார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் இருந்தாள். அவள் கைகளில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து அளத்துக் கணக்குப்பிள்ளை பள்ளிக்கு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு அளத்துல அடிபட்டதா தாய்க்காரி எழுதிக் குடுத்திருக்கா டீச்சர். விசாரணைக்கு ஆபீசர் வாராவ. எங்க அளத்துல சின்னப் பிள்ளைகள வேலைக்கு வைக்கதில்ல. அன்னைக்குப் பிள்ள பள்ளிக்கூடத்துலதான இருந்திச்சி?"

மேசையில் இருந்த பதிவேட்டை மூடினேன்.

"ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒரு நகல் மட்டும் குடுத்தீங்கன்னா போதும்."

"அப்போ எங்க அடிபட்டதுன்னு சொல்லப்போறீங்க அண்ணாச்சி?"

"வெளிய எங்கயோ விழுந்திருக்கும். அளத்துல இல்லன்னா எங்களுக்குப் போதும்."

இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். உதவி ஆசிரியர் கொடுத்துவிடச் சொன்னார். "நம்ம ஒண்ணும் புதுசாப் பொய் சொல்லல டீச்சர். இருக்கதத்தான் எழுதிக் குடுக்கோம்." அன்று மாலையே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நகலெடுத்தேன். கீழே வழக்கம்போல 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டு சொற்களையும் எழுதிவிட்டேன். கையெழுத்தைப் போடவில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் என்னைக் குற்றம் சொல்ல மாட்டாளா என்று பார்க்கப் போயிருக்கலாம்.

அவள் விழித்திருந்தாள். காலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"டீச்சர், எனக்கு எத்தன நாள் ஆப்சென்ட் போட்டிருக்கீங்க? ரொம்ப ஆயிட்டா பாஸ் போட மாட்டாங்கன்னு சார் சொன்னாங்க."

"ஒண்ணும் போடல" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னேம்லா, டீச்சர் போட மாட்டாங்கன்னு" என்றாள்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன். பிறகு நகலைக் கிழித்தேன். திங்கட்கிழமை வேறொரு தாளில், அந்தப் பெண்ணுக்கு வியாழக்கிழமை போட்ட கோடு பொய், அந்த மாதம் முழுக்க இன்னும் பல பிள்ளைகளுக்குப் போட்டதும் பொய், போட்டது நான் என்று எழுதி, ஆய்வாளர் அலுவலகத்துக்கு நானே கொண்டுபோனேன்.

ஆய்வாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"இத நான் வாங்கிக்கிட்டா உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"வீடு வீடாப் போனோம்னு சொன்னீங்களே."

"ரெண்டு வாரம் போனோம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மத்த ஸ்கூல்லயும் இப்படித்தானா?"

"எனக்கு என் ஸ்கூல்தான் சார் தெரியும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

விசாரணையில் என் கடிதத்தையும் லாரி டிரைவரின் சாட்சியையும் வைத்துப் பார்த்து, அடிபட்டது அளத்தில்தான் என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரிச் செலவையும் இன்னும் கொஞ்சத்தையும் முதலாளி கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது, ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். உண்மையான எண்ணிக்கையை எழுதத் தொடங்கியதும் இன்னொன்று நடந்தது. ஜனவரியில் இரண்டாவது ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிட்டார்கள். உதவி ஆசிரியரைக் கயத்தாறு பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்கு மாற்றினார்கள்.

கடைசி நாளன்று அவர் தம் சாக்பீஸ் டப்பாவை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லமாட்டேன் டீச்சர். ஆனா கோடு போடச் சொன்னது நான். பழசயெல்லாம் மாத்தி எழுதுனதும் நான். காயிதத்துல என் பேர ஏன் விட்டீங்க?"

"என் கையால போட்டதுக்குத்தான சார் நான் எழுத முடியும்."

"அதுக்கு நன்றி சொல்லணுமா, கோவப்படணுமான்னு எனக்கு வெளங்கல" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பல நாள் நினைத்து, பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசினாள்.

"நீங்க கோடு போட்டதாலயா டீச்சர் உப்பு சரிஞ்சிச்சி?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா எம்மவ வரலியேன்னு ஒரு தரம் வந்து கேட்டிருந்தீங்கன்னா, அனுப்பியிருப்பனோ என்னமோ. அனுப்பியிருக்க மாட்டனோ என்னமோ. சொல்லத் தெரியல."

கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, தெரிந்த அளவைச் சொன்னாள். அதனால்தான் அது என்னை விட்டுப் போகவில்லை.

கால் முறிந்த அந்தப் பெண் கம்பு ஊன்றிப் பள்ளிக்கு வந்தாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. ஐந்தாம் வகுப்பில் தேறி, நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போனாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு தலைச்சுமையோடு வரப்பில் நடக்க முடியாது. அளத்துக்கு உதவாமல் போனதால்தான் அவள் படித்தாள். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. இரண்டாம் வகுப்பு. அந்தப் பொங்கலுக்குப் பின் மாசி பிறந்து அளம் மறுபடி திறந்ததும் அவள் வருவது நின்றது. மூன்றாம் நாள், பள்ளி தொடங்கும் முன்பே நான் அளத்துக்கு நடந்தேன். அம்மா தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் அந்தச் சின்னப்பெண், ஒரு சின்னக் கூடையோடு.

"அக்கா, இவளையும் அனுப்புங்க" என்றேன். "அனுப்பாம விட மாட்டேன். தினமும் வருவேன்."

அவள் நிற்கவில்லை. கூடையோடு நிற்க முடியாது. என்னைத் தாண்டும்போது சொன்னாள்: "வாங்க டீச்சர். தெனமும் வாங்க. ஆனா ரெண்டு கூடைக் கூலிக்கு யாராச்சும் ஒருத்தி கூட வரணும்லா."

சின்னவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்மாவின் பின்னால் வேகமாகப் போனாள். அன்றும் மறுநாளும் போனேன். அந்த வாரம் முழுக்கப் போனேன். இரண்டு நாள் வந்தாள், நான்கு நாள் வரவில்லை. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் வாத்தியாரில்லாமல் கூடத்தில் காத்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது பாதி வழியிலேயே அவர்களுடைய சத்தம் கேட்கும். நடையை எட்டிப் போடுவேன்.