பூட்ஸ் லேஸில் போட்ட முடிச்சு

பங்குனி மாதக் காலையில் காற்றோடு முந்திரிப் பூ வாசனை வரும். கூடவே நிலக்கரிப் புகையின் நெடியும் கொஞ்சம். நெய்வேலியில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்...

அப்போது எனக்கு வேலை பெர்மனென்ட் ஆகி ஒரு வருஷம். கல்யாணம் ஆகவில்லை. நைட் ஷிப்ட் முடிந்ததும் ஊரே தூங்கப் போகும், நான் பாம்பு பார்க்கப் போவேன்! துணைக்குச் சேகர். காடாம்புலியூர்க்காரன், கான்ட்ராக்டில் இருந்தான். ஜெனரல் ஷிப்டுக்குப் போகும் முன்னால் சைக்கிளில் வந்துவிடுவான்.

சுரங்கத்தில் வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான பழைய மேடு, மரம் வளர்ந்து குன்றாகவே ஆகியிருந்தது. அடிவாரத்தில் சுரங்கத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தாலும் அங்கே தவளை கத்தும். ஈரக் கல்லைப் புரட்டினால் தேரை, புதருக்குள் சாரை... ஒரு மரத்தவளையைப் பார்த்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான்.

ஒருநாள் சேகர் மேட்டுக்கு வரவில்லை. தனியாக ஏறினேன். ஒரு பலகைக் கல்லைப் புரட்டினால்... கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள்!

பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டேன், வெள்ளிக்கோல் வரையன் என்று. பார்க்கக் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம் கிடையாது. வெறும் கையால் எடுத்தேன். கடிக்கவில்லை. சுருண்டு, தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது. எவ்வளவு சமர்த்து என்று கொஞ்சினேன் வேறு. என்னை எதால் அடிப்பது?

சேகரிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள வேண்டுமே. இதற்கென்றே பையில் ஒரு பழைய தலையணை உறை வைத்திருப்பேன். பாம்பை அதில் விட்டு, கட்டக் கயிறில்லாமல் என் பூட்ஸ் லேஸை உருவி இரட்டை முடிச்சுப் போட்டேன். உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு ஷிப்ட் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் ராமலிங்கம் அண்ணன். அடுத்த ஷிப்ட் ரிலீவர் லேட்டாக வந்ததால் அவருக்கும் அன்று கடைசி பஸ். கேன்டீனில் கொடுக்கும் பிஸ்கட்டைத் தின்னாமல் ஐந்து வயது மகளுக்குக் கொண்டுபோகிற மனுஷன். "வீட்டுக்குள்ள நொழஞ்சதும் எம் மூஞ்சிய பாக்க மாட்டா தம்பி, பைக்குள்ள கைய விட்டுருவா" என்று தினமும் சொல்லிச் சிரிப்பார். நான் தூங்கிப்போனேன். அவர் எனக்கு முந்தைய ஸ்டாப்பில் இறங்கிப் போயிருந்தார்.

என் ஸ்டாப்பில் சேகர் சைக்கிளோடு நின்றான். நான் அளக்க ஆரம்பித்தேன்.

"கைல எடுத்தியா? கடிக்கல?"

"கடிக்கவே இல்லடா. பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கிச்சு."

அவன் முகம் மாறிவிட்டது. "டேய், வெள்ளிக்கோல் வரையன் தொட்டா சும்மா வுடுமா? வெடுக்குனு கடிச்சிருக்கும்டா. பகல்ல இப்டி சுருண்டுகினு கெடக்கறது கட்டுவிரியன்தான். எங்க, காட்டு."

ஜிப்பைத் திறந்தேன். உள்ளே டிபன் கேரியர். அதன் மேல் பேப்பரில் சுற்றிய இரண்டு பிஸ்கட்.

அந்த வருஷம் கம்பெனி எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பை கொடுத்திருந்தது...

"ஏறுடா!" என்று சேகர் கத்தியதுதான் ஞாபகம். அந்த மிதி மிதித்தான். லேஸ் இல்லாத பூட்ஸ் எந்த பிளாக்கில் கழன்று விழுந்ததோ தெரியாது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அண்ணன் வீட்டு வாசற்படியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை உறை. வாயில் லேஸ் நுனி. பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அப்பா வந்ததும் படுத்துட்டாங்க. முடிச்சு அவுக்க வரவே மாட்டேங்குது."

"என்கிட்ட குடுடா கண்ணு... நான் அவுக்கிறேன்..."

முடிச்சுக்கு மேலே பிடித்துத் தூக்கி, உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டேன். உள்ளே கனம் அசைந்தது. என் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, பாப்பா என்னை வேடிக்கை பார்க்கிறாள். உள்ளிருந்து அண்ணி வந்தார்கள்.

"என்ன தம்பி, ஒத்தக் கால்ல பூட்ஸு? காப்பி சாப்பிடுறீங்களா?"

பை மாறிவிட்டது என்று மட்டும் சொல்லி, அவர்கள் பையைக் கொடுத்து என் பையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

மேட்டுக்குப் போய், நீளக் குச்சியால் உறையைக் கவிழ்த்தோம். கழுத்துப் பக்கம் வளையமே இல்லை. போகப்போகத் தெளிவாகி, வால்நுனி வரை பளிச்சென்று இருந்தது. கட்டுவிரியனேதான். வெள்ளிக்கோல் வரையனுக்குத் தலைகீழ், வளையம் கழுத்தில் தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். துணி வழியாகவும் அது கடிக்கும் என்று சேகர் சொன்னபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே கண்ணால பாரு. கைய வெச்ச, நானே ஒடச்சிடுவேன்" என்றான். அன்றிலிருந்து தொட்டதில்லை.

இப்போது நான் சென்னையில், முட்டி வலியோடு. அந்தப் பாப்பா கயல் நெய்வேலியிலேயே டீச்சர். ஞாயிறு காலைகளில் அதே மேட்டில் ஏறித் தவளையும் பாம்பும் போட்டோ எடுத்து நம் நெய்வேலிக்காரர்கள் குரூப்பில் போடுகிறாள். என் பைத்தியம் அவளுக்கு எப்படித் தொற்றியதோ!

போன வாரம் ஒரு போட்டோ வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம், வால்நுனி வரை. "கைல எடுத்தியா?" என்று உடனே கேட்டேன். பதில் இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்... எனக்கு மறுபடியும் ஒற்றைக் கால் பூட்ஸோடு நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

"ஐயோ, இல்ல அங்கிள். ஆறடி தள்ளி நின்னு ஜூம் பண்ணேன். கட்டுவிரியன்தானே?"

அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாங்கள் பிடித்தால்தான் பார்த்ததாக நினைத்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதே போதுமாக இருக்கிறது.

கயல், அந்த உறையில் என்ன இருந்தது என்று உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. இதைப் படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். திட்ட நீ இருக்கிறாய், எனக்கு அது போதும்.